ரூட்டரா, ஸ்பின்டிலா?

ஹேவாஹெட்டவிலிருந்து இளைஞர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் தோட்டத்திலே தச்சு வேலை பார்த்தவர். அவரிடம் தொழில் பழகிய மகன், வீட்டின் பின்புறத்தில் சிறிய பட்டறை ஒன்றை அமைத்து, அயலவர்களுக்குக் கதவு, யன்னல், கட்டில், அலுமாரி ஆகியவற்றைச் செய்து கொடுத்து வருகிறார். வாள், உளி, சீவுளி எல்லாம் அவரிடம் உண்டு. மின்சாரத்தில் ஓடும் வட்டவாளும் துளைகருவியும் உண்டு. பலகையின் விளிம்பை வளைத்து அழகு செய்யவும், பள்ளம் எடுக்கவும், சட்டங்களுக்கு உருக்கொடுக்கவும் ஏற்ற இயந்திரந்தான் இல்லை. அதற்கென மத்திய கிழக்கிலே வீட்டுப் பணி புரியும் அவருடைய தமக்கையார் பணம் அனுப்பியிருக்கிறார்.

“கையால் பிடித்து ஓட்டும் ரூட்டரை வாங்குவதா, நிலத்தில் நிறுத்தும் ஸ்பின்டில் இயந்திரத்தை வாங்குவதா? கண்டியில் விசாரித்த இடத்திலே பெரியதையே வாங்கச் சொல்கிறார்கள். எங்களால் ஒருமுறைதான் வாங்க முடியும்” என்று அன்பர் கேட்கிறார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இந்த வாரம் இப்பகுதி முழுவதையும் இவ்விஷயத்துக்கு ஒதுக்குகிறோம். பிறர் வீட்டில் உழைத்து ஒரு சகோதரி சேர்த்த பணம் இது. பொருத்தமற்ற இயந்திரம் பட்டறையின் மூலையிலே துருப்பிடித்துக் கிடந்தால் அந்தப் பணம் திரும்பி வராது. அதைவிட மேலான ஒன்றும் இங்கே உண்டு. அது தச்சனுடைய விரல்கள்.

வேலையும் இயந்திரமும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறினால் வருவது ஹேவாஹெட்ட. அதன் அயலிலேதான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. அங்கு 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்தே தொடங்கிற்று. ஆரம்பத்தில் அவருடைய பங்களா விறாந்தையில் மேசைகளைப் போட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டிச் சுருட்டினார்கள். 1872ஆம் ஆண்டளவிலேதான் கொழுந்து சுருட்டும் இயந்திரமும் அதற்கான தொழிற்சாலையும் அங்கே வந்தன. கொழுந்து முன்னே வந்தது. இயந்திரம் பின்னே வந்தது. அந்த மலையிலே வாழும் எமது அன்பருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. இயந்திரத்துக்கு இரையாகப் போகிற வேலை எவ்வளவு என்று முதலில் எண்ண வேண்டும். அதற்குப் பின்னரே இயந்திரத்தைத் தேட வேண்டும்.

இரண்டும் எத்தகையவை?

ரூட்டர் என்பது ஒரு மோட்டாரும், அதன் நுனியில் வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கவ்வியும், இரு பக்கமும் கைப்பிடியும் கொண்ட கருவி. மரம் அசையாதிருக்க, கருவி மரத்தின் மேல் நகரும். பிட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,000 முதல் 24,000 சுற்று வரை சுழலும். சிறிய டிரிம்மர் வகை 30,000 சுற்றையும் எட்டும். பிட்டின் தண்டு கால் அங்குலமாகவோ அரை அங்குலமாகவோ இருக்கும். அரை அங்குலத் தண்டின் குறுக்குப் பரப்பு மற்றதைப்போல நான்கு மடங்கு. வளையாது நிற்கும் வலிமையோ பதினாறு மடங்கு. கதவு யன்னல் செய்பவர் அரை அங்குலக் கவ்வி உள்ளதையே பார்க்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

ஸ்பின்டில் இயந்திரமோ கனத்த இரும்பு மேசை. மேசையின் நடுவே ஒரு தண்டு செங்குத்தாக மேலெழுந்து நிற்கும். அதிலே உள்ளங்கை அகலமுள்ள வெட்டலகுகளைப் பூட்டுவார்கள். இங்கே இயந்திரம் அசையாது. மரத்தையே தள்ள வேண்டும். தண்டு நிமிடத்துக்கு 3,000 முதல் 10,000 சுற்று வரையே சுழலும். ஆயினும் மோட்டார் வலியது. 2 முதல் 5 குதிரைவலு வரை இருக்கும். ரூட்டர் மூன்று தடவையில் எடுக்கும் ஆழத்தை ஸ்பின்டில் ஒரே தடவையில் எடுத்துவிடும். வெட்டிய பரப்பும் வழவழப்பாக இருக்கும்.

மெதுவாகச் சுழல்வது எப்படி நன்றாக வெட்டும் என்று சிலர் ஐயுறலாம். மரத்தைத் தொடும் கூரின் வேகமே இங்கு கணக்கு. 25 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ரூட்டர் பிட்டு 20,000 சுற்றில் ஓடினால் அதன் கூர் வினாடிக்கு ஏறத்தாழ 26 மீற்றர் செல்கிறது. 120 மில்லிமீற்றர் ஸ்பின்டில் அலகு 6,000 சுற்றிலேயே 37 மீற்றருக்கு மேல் சென்றுவிடுகிறது. இந்தக் கணக்கிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிக்கும் 80 மில்லிமீற்றர் பிட்டு ஒன்றை, வேகத்தைக் குறைக்க மறந்து, ரூட்டரில் 22,000 சுற்றில் ஓடவிட்டால், கூர் வினாடிக்கு 92 மீற்றர் பாய்கிறது; மணிக்கு 330 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு உடைந்து பறந்தால் அது துப்பாக்கி ரவைக்கு ஒப்பாகும். அவ்வளவு பெரிய பிட்டுக்கு 10,000 சுற்றே போதும். ஒவ்வொரு பிட்டுக்கும் அதன் உச்சச் சுற்றெண்ணைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். அதை வாசியாமல் பூட்டுதல் கூடாது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியில்லாத ரூட்டரிலே பெரிய பிட்டைப் போடவே கூடாது.

பத்துத் துண்டுக் கணக்கு

இனி, அன்பரின் கேள்விக்கு வருவோம். ஸ்பின்டிலிலே அலகைப் பூட்டி, உயரம் பார்த்து, மரம் சாய்ந்து செல்லும் வழிச்சட்டத்தை நிறுத்தி, காப்பு மூடியைப் பொருத்தி, கழிவுத் துண்டிலே பரீட்சித்து முடிப்பதற்கு 40 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அதன்பின் ஒரு சட்டத்தைத் தள்ளி எடுக்க ஒரு நிமிடம். ரூட்டரை ஆயத்தம் செய்ய 10 நிமிடம் போதும். ஆனால் சிறிது சிறிதாக ஆழம் இறக்கி ஓட்டுவதால் ஒரு சட்டத்துக்கு 4 நிமிடம் பிடிக்கிறது. கூட்டிப் பார்த்தால், 10 சட்டத்தில் இரண்டும் 50 நிமிடமாகச் சரிக்குச் சரி நிற்கின்றன. நான்கு சட்டமே வேண்டிய இடத்தில் ரூட்டர் 26 நிமிடத்தில் முடிக்க, ஸ்பின்டில் 44 நிமிடம் எடுக்கிறது. நூறு சட்டமானால் ஸ்பின்டிலுக்கு 140 நிமிடம்; ரூட்டருக்கோ 410 நிமிடம்.

நிமிடங்கள் ஆளுக்கு ஆள் மாறலாம். கணக்கின் போக்கு மாறாது. ஒரே அச்சிலே நூறு வார்க்கும் பட்டறைக்கு ஸ்பின்டில் உகந்தது. இன்று ஒரு கட்டில், நாளை ஒரு சுவாமிப் படச் சட்டம், மறுநாள் ஒரு கதவுக்குப் பிணைச்சல் பள்ளம் என்று வேலை மாறிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு ரூட்டரே உகந்தது. மொறட்டுவையிலே தளபாடத் தொழில் ஊர்த் தொழிலாக நடக்கிறது. அங்கே ஒருவர் கதிரைக் கால் மாத்திரமே செய்வார். இன்னொருவர் கட்டில் தலைப்பலகை மாத்திரமே செய்வார். அவருக்கு ஸ்பின்டில் ஓயாமல் உழைக்கும். மலைநாட்டுச் சிற்றூர்த் தச்சரோ தேவைப்பட்ட எல்லாவற்றையும் தாமே செய்கிறவர்.

எனினும் நிலைமை மாறலாம். தோட்டங்களிலே லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய உதவியிலான 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்தார். அத்தகைய வேலையொன்றில் ஒரே அளவான யன்னல்கள் பல செய்யும் ஒப்பந்தம் கைக்கு வந்தால், அன்று ஸ்பின்டிலைப் பற்றி யோசிக்கலாம். வருமென்று நம்பி இன்று வாங்குதல் தகாது. ஒரு கொப்பியை எடுத்து, மூன்று மாதம் செய்த வேலை ஒவ்வொன்றையும், ஒரே உருவில் எத்தனை துண்டு வெட்டினோம் என்பதையும் எழுதி வைக்குமாறு அன்பரைக் கேட்டுக்கொள்கிறோம். பத்துக்கு மேற்பட்ட வேலைகள் எத்தனை என்று அந்தக் கொப்பியே சொல்லிவிடும். விற்பவருடைய வாய்ச்சொல்லிலும் பார்க்க அது நம்பத்தக்கது.

மின்சாரமும் இடமும்

2,000 வாட் ரூட்டர் எமது 230 வோல்ட் மின்சாரத்தில் 9 அம்பியர் அளவே இழுக்கும். நல்ல கம்பியும் சரியான புவித்தொடுப்பும் உள்ள 15 அம்பியர் சொருகுவாய் அதற்குப் போதும். 3 குதிரைவலு ஸ்பின்டில் ஓடும்போதே ஏறத்தாழ 14 அம்பியர் கேட்கும். தொடங்கும் கணத்திலோ அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டுக்கான ஒற்றைக் கட்ட இணைப்பிலே இதைத் தொடுத்தால், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அடுக்களை விளக்கு மங்கும். சிலவேளை காப்புச் சுவிட்சே விழுந்துவிடும். 5 குதிரைவலு இயந்திரம் பெரும்பாலும் மூன்று கட்ட மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டது. புது இணைப்புக்கு ஆகும் செலவை இயந்திர விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கடையில் அதைச் சொல்வாரில்லை.

இடத்தையும் பார்க்க வேண்டும். எட்டடிச் சட்டம் ஒன்றை ஸ்பின்டிலில் ஓட்ட, அலகுக்கு முன்னே எட்டடியும் பின்னே எட்டடியும் வெறுமையாகக் கிடக்க வேண்டும். மலைச் சரிவிலே வெட்டிச் சமன்செய்த சிறு நிலத்தில் அத்தனை நீளம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ரூட்டரையோ தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை நடக்கும் வீட்டுக்கே போய்விடலாம்.

விரல்களின் கதை

சொல்ல வேண்டியவற்றுள் முக்கியமானது இதுவே. வாள் துண்டித்த விரலை மருத்துவர்கள் சிலவேளை பொருத்திவிடுகிறார்கள். ஸ்பின்டில் விரலைத் துண்டிப்பதில்லை, அரைத்து எடுத்துவிடுகிறது. பொருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. அலகு மரத்தைக் கவ்விப் பின்னோக்கி எறியும்போது, மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை, தன் பாரத்தாலேயே அலகின் மேல் போய் விழுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆதலால் காப்பு மூடியும், தள்ளுகோலும், இயலுமானால் மரத்தைத் தானே இழுத்துச் செலுத்தும் உருளைக் கருவியும் இன்றி ஸ்பின்டிலை வாங்குவது, தடுப்பில்லாத லொறியை மலையிலிருந்து இறக்குவதற்குச் சமம். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், அதன் மூடிகள் உடன் வருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ரூட்டர் சாதுவானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்கும் விதிகள் உண்டு. பிட்டின் சுழற்சியை எதிர்த்தே வெட்டிச் செல்ல வேண்டும். கையிலே பிடித்து ஓட்டும்போது பலகையின் வெளி ஓரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், உள்ளே வெட்டிய துவாரத்தின் ஓரத்தை முள் செல்லும் திசையிலும் சுற்றிவர வேண்டும். மேசையின் அடியிலே கவிழ்த்துப் பூட்டியிருந்தால் மரத்தை வலப்புறமிருந்து இடப்புறம் செலுத்த வேண்டும். மாறிச் செலுத்தினால் கருவி கையை மீறி ஓடும். நாற்புறமும் விளிம்பு எடுக்கும்போது, நார் முடியும் குறுக்குப் பக்கங்களை முதலிலும் நீளப் பக்கங்களைப் பின்னரும் வெட்டினால், மூலையில் சிதறிய நார் அடுத்த வெட்டில் நீங்கிவிடும். ஒரே தடவையில் ஆழ இறக்காமல் மும்முறை இறக்குக. நடுவழியில் நிறுத்தினால் மரம் கருகும். பிட்டை மாற்றுமுன் வயரைச் சுவரிலிருந்து கழற்றுக. கையுறை, தொங்கும் சாரம், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றோடு இவ்விரண்டையும் அணுகுதல் ஆகாது.

கண்ணாடியும் காதடைப்பும் முகமூடியும் வீண் செலவல்ல. ரூட்டரின் இரைச்சல் செவியை மெல்ல மெல்லக் கெடுக்கும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. எமது முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலிலே அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்குவதும் உண்டு. வீட்டோடு சேர்ந்த பட்டறையிலே இந்தத் தூளைக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

மரத்துக்குத் தக்க கூர்

கண்டிப் பகுதியிலே வீட்டுத் தோட்டத்துப் பலாவும் மகோகனியும், தோட்டங்களின் சவுக்கும் யூகலிப்டசும் தச்சரிடம் வருகின்றன. மகோகனி எந்த இயந்திரத்துக்கும் இணங்கும். முதிரையோ கடினமானது, நார் பின்னிக் கிடப்பதால் கூரை விரைவில் மழுக்கும். அதற்கு டங்ஸ்டன் காபைட் நுனி பதித்த பிட்டே ஈடுகொடுக்கும். யூகலிப்டசு நன்கு உலராவிட்டால், எவ்வளவு அழகாக உருக்கொடுத்தாலும் பின்னர் முறுகிவிடும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு நிழலில் உலர்த்துக என்பது பழந் தச்சர் கணக்கு. மழையும் மூடுபனியும் மிகுந்த ஹேவாஹெட்டவில் அதைக் குறைக்க இடமில்லை. பலாவை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மரம் வாங்குவோர் நினைவிற் கொள்க.

பணம் மிஞ்சினால் அதைப் பெரிய மோட்டாரிலே போடாமல் நல்ல பிட்டுகளில் போடுமாறு கூறுவோம். மலிவான முப்பது பிட்டுப் பெட்டியிலே இருபது பிட்டு ஒருநாளும் மரத்தைத் தொடாது. நேர் பிட்டு இரண்டு, விளிம்பை உருட்டும் பிட்டு ஒன்று, சாய்வு வெட்டும் பிட்டு ஒன்று, படிப்பள்ளம் எடுக்கும் பிட்டு ஒன்று, அச்சுப் பலகையைப் பின்பற்றிச் செல்லும் உருளை பூட்டிய பிட்டு ஒன்று ஆகிய ஆறும் தரமாக இருந்தால் ஒரு சிறு பட்டறையின் வேலையிற் பெரும்பங்கு நடந்துவிடும்.

எமது தீர்ப்பு

முதலில், வேகம் மாற்றத்தக்க அரை அங்குல ரூட்டர் ஒன்றை வாங்குக. அமிழ்த்தி ஆழம் இறக்கும் வகையாக இருத்தல் நன்று. அடுத்து, தடித்த ஒட்டுப்பலகையைக் கொண்டு அதற்கு ஒரு மேசையை அன்பர் தாமே செய்துகொள்க. நடுவே துவாரமிட்டு ரூட்டரைக் கவிழ்த்துப் பூட்டி, நேரான வழிச்சட்டமும் பிட்டை மறைக்கும் காப்பும் அமைத்தால், அது ஒரு சிறிய ஸ்பின்டிலாகவே உழைக்கும். தச்சருக்கு மேசை செய்ய யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மிகுதிப் பணத்தை வங்கியிலே இடுக. கொப்பியின் கணக்கு மாதந்தோறும் பத்துத் துண்டைத் தாண்டிச் செல்லுமானால், அப்பொழுது ஸ்பின்டிலை அதன் காப்புகள் அனைத்தோடும் வாங்கலாம். அதற்குள் ரூட்டரே தன் விலையை உழைத்துக் கொடுத்திருக்கும். தமக்கையார் அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு அவருக்கே திரும்பிச் செல்லவும் கூடும்.

உளியைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம் என்றும் கூறுகிறோம். ரூட்டரும் ஸ்பின்டிலும் வட்டமாகச் சுழல்பவை. ஆதலால் உட்புற மூலையைச் சதுரமாக வெட்ட இரண்டாலும் இயலாது. பிட்டு விட்டுச்சென்ற வளைவை உளி ஒன்றே செதுக்கிச் சதுரமாக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததே, அப்பொழுதும் உளி ஓயவில்லை. கண்டிக்கு அண்மையிலே எம்பெக்கே தேவாலயம் இருக்கிறது. கம்பளை இராச்சிய காலமாகிய 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. அதன் மேளமண்டபத் தூண்களிலே அன்னமும், இருதலைப் பறவையும், மல்லரும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டிருக்கின்றனர். அங்கே கூரையின் 26 கைமரங்களை ஒரே மர ஆணி இறுகப் பிடித்து நிற்கிறது. மோட்டாரின் ஓசையே அறியாத கைகள் செய்த வேலை அது. மரத்தோடு தொழில் செய்வோர் ஒருநாள் குடும்பத்தோடு போய் அதைப் பார்த்து வரலாம். எந்த இயந்திரத்தை வாங்கினாலும், அதை ஓட்டும் கை எதை அறிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விளங்கும்.